கொயோட்டி முதல் செந்நாய் வரை: காட்டு நாய்கள் எதைத் தின்கின்றன?

நாய்க் குடும்பத்தை ‘ஊனுண்ணி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட முடியாது. ஒரு கிலோவைச் சுற்றியே எடை நிற்கும் பாலைவன ஃபென்னெக் நரி தொடங்கி 40 கிலோவைத் தாண்டும் சாம்பல் ஓநாய் வரை இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 35 இனங்கள் இன்று வாழ்கின்றன. அவற்றில் ஒன்று ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கரையான்களைத் தின்கிறது. இன்னொன்றின் உணவில் பாதி பழமும் பிற தாவரங்களும்தான். மற்றொன்று தன்னைப் போல மூன்று மடங்கு எடையுள்ள மானைக் கூட்டமாகத் துரத்தி வீழ்த்துகிறது. எல்லாம் ஒரே குடும்பம்; ஏறக்குறைய ஒரே உடலமைப்பு.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளக் கொயோட்டியைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. அலாஸ்காவிலிருந்து பனாமா வரை வட, நடு அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கும் இந்த விலங்கு, நரியைவிடப் பெரியது, ஓநாயைவிட மிகச் சிறியது. எடை பெரும்பாலும் 9 முதல் 20 கிலோ. எலியும் தின்னும், மான்குட்டியும் தின்னும், தர்பூசணியைக் கடித்துத் துளையிட்டு உள்ளே இருக்கும் சதையையும் தின்னும். ‘கிடைப்பதையெல்லாம் தின்னும்’ என்று இதைப் பற்றி எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். எது கிடைத்தாலும் தின்னும் விலங்குக்கும் ஒரு கணக்கு உண்டு: தேடி அலைந்து, துரத்தி, கொல்லச் செலவாகும் ஆற்றலைவிடத் தின்பதில் கிடைக்கும் ஆற்றல் கூடுதலாக இருக்க வேண்டும். கட்டுரை முழுவதும் இந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

வாய்க்குள் இரண்டு கருவிகள்

முதலில் பல்லைப் பார்ப்போம். ஓநாய், கொயோட்டி, நரி, வீட்டு நாய் ஆகிய எல்லாவற்றுக்கும் 42 பற்கள்: மேலே 20, கீழே 22. பூனைக்கு 30தான். குறைந்த அந்தப் பன்னிரண்டும் கடைவாயில் இருந்திருக்க வேண்டியவை.

நாயின் கடைவாயில் மேல்தாடையின் கடைசி முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் முதல் பின்கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல ஒன்றையொன்று உரசிச் செல்லும். இறைச்சியை அறுப்பது இந்த இணைதான். நாய் எலும்பை வாயின் ஓரத்துக்குத் தள்ளித் தலையைச் சாய்த்துக் கடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அறுக்கும் இடம் அங்கே இருப்பதால்தான் அப்படி. பூனைக்கு இந்தக் கத்தரியோடு கடைவாய் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நாய்க்கோ அதற்குப் பின்னாலும் தட்டையான அரைக்கும் பற்கள் இருக்கின்றன. வண்டின் ஓடு, பழத்தின் தோல், சிறு எலும்பு, விதை எல்லாம் அங்கே நசுங்குகின்றன. அறுக்கவும் அரைக்கவும் இரண்டு கருவிகள் ஒரே வாயில் இருப்பதுதான் இந்தக் குடும்பத்தின் முதல் மூலதனம்.

எந்தக் கருவி பெரிதாக இருக்கிறது என்று பார்த்தாலே உணவை ஓரளவு ஊகிக்கலாம். செந்நாய்க்குக் கீழ்க் கடைவாயின் கடைசிப் பல் கிடையாது, மொத்தம் 40. அதன் அறுக்கும் பல்லின் பின்பகுதியும் அரைக்கும் தட்டாக இல்லாமல் ஒரே கூர்முனையாக இருக்கிறது. ஆப்பிரிக்கக் காட்டு நாய்க்கும் தென்னமெரிக்கப் புதர் நாய்க்கும் அதே கூர்முனை உண்டு. மூன்றும் இறைச்சியே கதி என்று வாழ்பவை. எதிர்முனையில் வௌவால் காது நரிக்கு 46 முதல் 50 பற்கள், எல்லாம் சிறியவை. பூச்சியை நொறுக்கப் போதுமானவை.

நாக்கும் கணக்கில் சேரும். பூனையினங்களில் இனிப்பை உணரும் மரபணு பழுதாகிக் கிடக்கிறது, பழத்தின் இனிப்பு அவற்றுக்குத் தெரியாது. நாய்க் குடும்பத்தில் அது வேலை செய்கிறது. பழுத்த பழத்தைத் தேடி நரி போவதில் வியப்பு ஒன்றும் இல்லை.

மாவுச்சத்து மட்டும் வேறு கதை. மாவைச் செரிக்கும் நொதியைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணு, ஓநாய்க்கு இரண்டே பிரதிகள்தான். வீட்டு நாய்களில் பலவற்றுக்கு அது 4 முதல் 30 வரை பெருகியிருக்கிறது. மனிதரோடு வாழ்ந்து தானியம் தின்னப் பழகியதன் தடம் அது. 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வு இதைக் காட்டியது. வீட்டு நாய்க்கு ஒத்துவரும் உணவு ஓநாய்க்கும் ஒத்துவரும் என்று எண்ணுவதோ, ஓநாய் தின்பதைத்தான் வீட்டு நாய்க்கும் போட வேண்டும் என்று வாதிடுவதோ இரண்டும் இந்த இடத்தில் இடறிவிழும்.

21.5 கிலோ என்ற கோடு

ஊனுண்ணிகளின் எடையையும் அவை கொல்லும் இரையின் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, 1999இல் விலங்கியல் ஆய்வாளர் கிறிஸ் கார்போனும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு தெளிவான கோட்டைக் கண்டார்கள். சுமார் 21.5 கிலோவுக்குக் கீழே இருக்கும் ஊனுண்ணிகள் பெரும்பாலும் தம் எடையில் பாதிக்கும் குறைவான சிறு இரையைத் தின்கின்றன: எலி, பூச்சி, பறவை, முயல். அதற்கு மேல் எடை போனால், ஏறக்குறையத் தம் அளவுக்கே இருக்கும் அல்லது தம்மைவிடப் பெரிய இரைக்கு மாறிவிடுகின்றன.

ஏன் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். காட்டில் வாழும் ஓநாய்க்கு உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே நாளுக்கு ஏறத்தாழ 1.7 கிலோ உணவு வேண்டும். புல்வெளி எலி ஒன்றின் எடை 40 கிராம் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட எலிகள் பிடித்தாக வேண்டும். ஒவ்வொன்றையும் மோப்பம் பிடித்து, காத்திருந்து, பாய்ந்து, தவறவிட்டு, மறுபடி பாய்ந்து பிடிக்க வேண்டும். பகலும் இரவும் அலைந்தாலும் வரவு செலவுக்கு ஈடாகாது. ஒரு மான் விழுந்தாலோ ஓநாய் ஒரே வேளையில் 9 கிலோ வரை தின்றுவிட்டுப் பல நாள் ஓய்ந்திருக்கலாம். சிறிய நரிக்கு நிலைமை நேர்மாறு. நாலைந்து கிலோ உடம்புக்கு எலிகளே போதும். மானை எதிர்ப்பது உயிரைப் பணயம் வைப்பது.

கொயோட்டியின் எடை சரியாக இந்தக் கோட்டின் கீழ் விளிம்பில் நிற்கிறது. அதனால்தான் அது இரண்டு பக்கமும் கால் வைக்கிறது. எலி நிறைய இருக்கும் இடத்தில் நரியைப் போலத் தனியாக எலி பிடிக்கும். எலி இல்லாத பனிக்காட்டில் குடும்பமாகச் சேர்ந்து மானைத் துரத்தும். எல்லாம் தின்னும் என்ற பெயர் அதற்குப் பேராசையால் வந்ததல்ல, எடையால் வந்தது.

கொயோட்டியின் ஓராண்டு

பனிக்காலத்தில் தொடங்கலாம். பனியால் நலிந்து செத்த மான்களின் உடல்கள் அப்போது பெரிய வரவு. ஓநாய்கள் இருக்கும் காட்டில் அவை விட்டுச்செல்லும் மிச்சமும் உண்டு, ஆனால் அதற்கு விலை அதிகம்: ஓநாய் கண்ணில் பட்டால் கொயோட்டியைக் கொன்றுவிடும். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995இலும் 1996இலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டபின், பூங்காவின் வடபகுதியில் கொயோட்டிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

உயிருள்ள மானைப் பிடிப்பது பனியின் தன்மையைப் பொறுத்தது. பனி ஆழமாக இருந்து மேலே மெல்லிய கெட்டிப் படலம் படிந்திருந்தால் மானின் குளம்பு அதை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். எடை குறைந்த கொயோட்டியோ படலத்தின் மேலேயே ஓடும். அதே மான் பனியில்லாத தரையில் என்றால் கொயோட்டிக்கு எட்டாது. வடக்கே யூக்கான் பகுதியில் பனிமுயல்தான் முதன்மை இரை. அந்த முயலின் எண்ணிக்கை சுமார் பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அதோடு சேர்ந்து கொயோட்டியின் எண்ணிக்கையும் ஏறி இறங்கும்.

வசந்தத்தில், ஏப்ரல் மே மாதங்களில் குட்டிகள் பிறக்கின்றன. மூன்று நான்கு வாரம் பாலிலேயே வளர்ந்துவிட்டுப் பிறகு பெற்றோர் வயிற்றிலிருந்து கக்கித் தரும் அரைச் செரிமான இறைச்சிக்கு மாறுகின்றன. இரண்டு பெரிய விலங்குகள் ஐந்தாறு வாய்களுக்குத் தின்றுவந்து கக்க வேண்டிய காலம் இது. ஆண்டிலேயே நெருக்கடியான மாதங்கள். மான்கள் குட்டி ஈனுவதும் இதே பருவத்தில்தான். பிறந்து சில வாரங்களுக்கு மான்குட்டி ஓடித் தப்பாது, புல்லில் அசையாமல் படுத்து ஒளிந்துகொள்ளும். பொறுமையாகப் புல்வெளியைச் சல்லடை போட்டுத் தேடும் கொயோட்டிக்கு ஒரு குட்டி கிடைத்தால் அன்றைய எலி வேட்டை முழுவதும் மிச்சம்.

கோடையில் வெட்டுக்கிளி, வண்டு, தரை அணில், எலி. குட்டிகள் முதன்முதலில் சொந்தமாகப் பிடிக்கப் பழகுவதும் பெரும்பாலும் வெட்டுக்கிளியைத்தான். தரை அணில் வேட்டையில் கொயோட்டிக்கு ஒரு விசித்திரமான துணை உண்டு: அமெரிக்க பேட்ஜர். வளையைத் தோண்டுவது பேட்ஜர். வேறு வாசல் வழியாகத் தப்பி ஓடும் அணிலைப் பிடிப்பது கொயோட்டி. கொயோட்டிக்குப் பயந்து வளைக்குள் திரும்பும் அணில் பேட்ஜரின் வாயில் விழும். பிடித்ததைப் பங்கு போட்டுக்கொள்வதில்லை, நட்பும் இல்லை. இருவரும் ஒரே இடத்தில் இருந்தால் இருவருக்கும் செலவு குறைகிறது. வயோமிங் மாநிலத்தில் இதைக் கணக்கெடுத்தபோது, பேட்ஜரோடு வேட்டையாடிய கொயோட்டிகள் தனியாகத் திரிந்தவற்றைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அணில் பிடித்தன.

இலையுதிர் காலத்தில் பழம். ஆப்பிள், காட்டுச் செர்ரி, பெர்சிமன், தென்மேற்கின் வறண்ட நிலத்தில் சப்பாத்திக்கள்ளிப் பழம், மெஸ்கீட் மரத்தின் இனிப்பு நெற்று. பழத்துக்கு ஓட வேண்டியதில்லை, அது உதைக்காது, கடிக்காது. ஆற்றல் கணக்கில் இதைவிட மலிவான உணவு இல்லை. அதன் எச்சம் (மலம்) முழுக்க விதையாகவே இருக்கும் வாரங்களும் உண்டு. அந்த விதைகளில் பல பின்னர் முளைக்கின்றன.

நகரத்துக் கொயோட்டி குப்பையைத் தின்றே வாழ்கிறது என்ற எண்ணம் பரவலானது. சிகாகோவைச் சுற்றிச் சேகரித்த 1,429 எச்சங்களைப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. சிறு கொறிவிலங்குகள் 42 விழுக்காடு எச்சங்களில் இருந்தன. பழம் 23, மான் 22, முயல் 18. மனிதரின் குப்பையும் வீட்டுப் பூனையும் மிகச் சொற்பம். (இவற்றைக் கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று கேட்கலாம். ஒரே எச்சத்தில் எலிமயிரும் பழவிதையும் சேர்ந்திருக்கும், அதனால்தான்.) ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் உட்பகுதியில் நிலைமை வேறு: ஐந்தில் ஒரு எச்சத்தில் பூனையின் தடயம் இருந்தது, மனிதர் வழி உணவும் மிக அதிகம். சிகாகோவில் புல்வெளியும் காடும் இடையிடையே விடப்பட்டிருக்கின்றன, அங்கே எலிக்குப் பஞ்சமில்லை. ஒரு நகரத்தில் கண்டதை இன்னொரு நகரத்துக்குப் பொருத்திவிடக் கூடாது.

கூட்டமாகத் துரத்துபவை

கோட்டுக்கு மேலே இருப்பது ஓநாய். யெல்லோஸ்டோனில் அதன் முதன்மை இரை எல்க் மான். ஆனால் பெரிய இரை என்றால் எளிதான இரை என்று பொருளல்ல. அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில் 1960களில் மூஸ் மானை ஓநாய்கள் எதிர்கொண்டதைப் பதிவு செய்தபோது, பத்து முயற்சியில் ஒன்றுகூடக் கொலையில் முடியவில்லை. 400 கிலோ மூஸ் நின்று எதிர்த்தால் ஓநாய் விலகிவிடும். ஓடத் தொடங்கினால்தான் வாய்ப்பு. ஓர் உதையில் விலா எலும்பு முறிந்தால் அதோடு வேட்டை வாழ்க்கை முடிந்தது. குட்டி, கிழம், மூட்டு நோய் கண்டது ஆகியவையே அதிகம் விழுவதற்குக் காரணம் இதுதான்.

விழுந்த விலங்கில் முதலில் போவது ஈரல், இதயம், நுரையீரல், பிறகு தொடைத் தசை, கடைசியில் எலும்பும் தோலும். இரைப்பைக்குள் இருக்கும் அரைபட்ட புல்லை ஓநாய் ஆவலோடு தின்னும், அதுவே அதற்குக் காய்கறி என்று நாய் உணவு விற்பவர்கள் சொல்வதுண்டு. நடப்பது அதுவல்ல. பைச்சுவரைத் தின்னும்போது உள்ளிருப்பதை உதறிக் கொட்டிவிடுகிறது.

அதேசமயம் ஓநாயைத் தூய இறைச்சிக்காரராகவும் நினைக்க வேண்டாம். மினசோட்டாவின் வாயேஜர்ஸ் தேசியப் பூங்காவில் கோடையில் ஓநாய்கள் பீவர் என்ற நீர்க் கொறிவிலங்கு நடமாடும் தடத்தில், தம் வாடை அதற்கு எட்டாத பக்கத்தில் படுத்துக் காத்திருந்து பிடிக்கின்றன. ஜூலையில் அவுரிநெல்லி எனப்படும் புளூபெர்ரி பழுத்ததும் சில கூட்டங்களின் உணவில் அதுவே பெரும்பங்கு ஆகிவிடுகிறது. பெரிய ஓநாய் ஒன்று குட்டிகளுக்கு அந்தப் பழத்தைக் கக்கிக் கொடுத்ததும் அங்கே பதிவாகியிருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடற்கரை ஓநாய்கள் இலையுதிர் காலத்தில் மானை விட்டுவிட்டுச் சால்மன் மீனுக்குப் போகின்றன. பல வேளை தலையை மட்டும் தின்றுவிட்டு உடலை விட்டுவிடுகின்றன. சால்மனின் உடலில் இருக்கும் ஒட்டுண்ணித் தட்டைப்புழு நாய்களைக் கொல்லக்கூடிய பாக்டீரியாவைச் சுமந்து வரும். தலையில் அது குறைவு என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

செந்நாய் மேலே சொன்ன கோட்டை மீறும் விலங்கு. எடை 12 முதல் 20 கிலோதான், கொயோட்டியின் எடையே. ஆனால் நாகரஹொளே காட்டில் செந்நாய்கள் கொன்ற இரைகளின் சராசரி எடை 43 கிலோ. அதே காட்டில் சிறுத்தை கொன்றவை சராசரியாக 38 கிலோகூட இல்லை. 15 கிலோ விலங்கு தன் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இரையைக் கொல்வதற்கு ஒரே விடை கூட்டம். ஒன்று மானின் மூக்கைப் பிடிக்க, மற்றவை பின்புறத்திலும் வயிற்றிலும் பாயும். கழுத்தை நெரித்துக் கொல்லும் அளவுக்குத் தாடை வலிமை கிடையாது, அதனால் வயிற்றைக் கிழித்தே கொல்கின்றன. பார்ப்பதற்குக் கொடூரமாக இருக்கும். இந்தக் காட்சிக்காகவே செந்நாயை ஒரு காலத்தில் பரிசுத்தொகை வைத்துக் கொன்றார்கள். புலியும் சிறுத்தையும் வந்து பறித்துக்கொள்ளும் முன் தின்றாக வேண்டும் என்பதால் வேகம் மிக முக்கியம். சண்டையிட்டு நேரம் போக்குவதில்லை, ஆளுக்கொரு துண்டை இழுத்துக்கொண்டு போய்த் தின்னும்.

ஆப்பிரிக்கக் காட்டு நாயும் அதே வகை: இம்பாலா மான், தாம்சன் கசெல் மான், வில்டபீஸ்ட் மானின் கன்று. திறந்த வெளியில் அதன் வேட்டைகளில் பாதிக்கும் மேல் வெற்றி பெறுகின்றன. சிங்கத்துக்குக்கூட அந்த விகிதம் கிடையாது. செத்ததைத் தின்பது மிக அரிது. குட்டிகள் கூடவே வந்திருந்தால் முதலில் அவை தின்னட்டும் என்று பெரியவை விலகி நிற்கும். மைல் கணக்கில் துரத்திக் களைக்கவைக்கும் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவில் கழுத்துப்பட்டைக் கருவிகள் பொருத்திப் பார்த்தபோது, புதர் நிறைந்த அந்த நிலத்தில் பெரும்பாலான துரத்தல்கள் குறுகியவையாகவே இருந்தன. ஒவ்வொரு நாயும் தனித்தனியாகப் பாய்கிறது, எது பிடித்தாலும் எல்லாம் பங்கு போடுகின்றன.

எலி, கரையான், கத்தரியின் உறவுக்காரப் பழம்

எத்தியோப்பிய ஓநாய், உயிரோடிருப்பது 500க்கும் குறைவு. 11 முதல் 20 கிலோ எடை, கூட்டமாக வாழும், ஆனால் வேட்டைக்குத் தனியாகவே போகும். இரை எலியாக இருக்கும்போது துணை இடைஞ்சல்தான். பேல் மலையில் அதன் இரையில் 96 விழுக்காடு கொறிவிலங்குகள். அந்த மலைக்கே உரிய பெருந்தலை மண்ணெலி அவற்றில் முக்கியம். வளைவாயில் அசையாமல் காத்திருந்து, எலி தலைநீட்டியதும் பாயும். குவாசா மேட்டுநிலத்தில் மேயும் கெலாடா குரங்குக் கூட்டத்துக்குள் புகுந்து எலி பிடிக்கும்போது மூன்றில் இரண்டு முயற்சி பலிக்கிறது. தனியாக இருக்கும்போது நான்கில் ஒன்று. குரங்குக் குட்டி பக்கத்திலேயே இருந்தும் ஓநாய் தொடுவதில்லை. ஒருமுறை தொட்டால் மறுநாள் கூட்டத்துக்குள் இடம் கிடைக்காது. செங்கொள்ளி நிறத்தில் பூக்கும் ஒரு மலைச்செடியின் பூக்களை நக்கித் தேன் குடிப்பதும் 2024இல் வெளியான பதிவு ஒன்றில் வந்தது.

ஆப்பிரிக்காவின் வௌவால் காது நரிக்கு 13 சென்டிமீட்டர் நீளக் காது. தரைக்கடியில் கரையான் புல்லை அறுக்கும் ஒலி அதற்குக் கேட்கும். அறுவடைக் கரையானே முதன்மை உணவு; ஓராண்டில் ஒரு நரி 11.5 லட்சம் கரையான் தின்னும் என்பது கணிப்பு. தாடைத் தசையின் அமைப்பே மாறி, நொடிக்கு ஐந்து முறை வாயைத் திறந்து மூட முடிகிறது. கரையான் பகலில் வெளிவரும் குளிர்காலத்தில் இந்த நரியும் பகலில் நடமாடுகிறது, இரவில் வெளிவரும் வெயில்காலத்தில் இரவுக்கு மாறிவிடுகிறது.

எல்லாவற்றிலும் வினோதமானது தென்னமெரிக்காவின் பிடரி ஓநாய். 20 முதல் 30 கிலோ எடை. கோட்டின்படி மான் வேட்டையாட வேண்டியது. ஆனால் தனியாகத் திரிகிறது, சிறு எலிகளையும் பறவைகளையும் பிடிக்கிறது, மீதிப் பாதியைப் பழத்தால் ஈடுகட்டுகிறது. அதன் விருப்பமான பழத்துக்குப் பிரேசிலில் ‘ஓநாய்ப் பழம்’ என்றே பெயர். தாவரவியலில் அது நம் கத்தரிக்காயின் இனம், சொலானம். பல விலங்குக் காட்சிசாலைகளில் இதை ஓநாய் என்ற பெயரை நம்பி இறைச்சியாகவே போட்டார்கள். பிறவியிலேயே சிஸ்டின் என்ற பொருளைச் சிறுநீரில் கழிக்கும் இயல்பு இந்த இனத்தில் பரவலாக உண்டு. புரதம் மிகுந்த உணவு அதைக் கல்லாக்கி, சிறுநீர்ப் பாதையை அடைத்தது. தாவர உணவைச் சேர்த்துப் புரதத்தைக் குறைத்த பிறகே நிலைமை சற்றுச் சீரானது.

பொன்நரி இவற்றுக்கெல்லாம் நடுவில் நிற்கும், ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் கொயோட்டிக்கு இணையான விலங்கு. எலி, இலந்தைப் பழம், காப்பிப் பழம், இறைச்சிக் கழிவு என்று எதையும் விடாது. செர்பியாவில் பொன்நரிகள் ஆண்டுக்கு 3,700 டன் விலங்குக் கழிவையும் 1.32 கோடி வயல் எலிகளையும் தின்று அகற்றுகின்றன என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது.

எச்சத்தைப் படிப்பது எப்படி

இதெல்லாம் எப்படித் தெரியும்? பெரும்பாலும் எச்சத்திலிருந்து. மயிர், பல், நகம், எலும்புத் துண்டு, பூச்சியின் ஓடு, விதை ஆகியவை செரிக்காமல் வெளிவருகின்றன. எச்சத்தை முதலில் கிருமி நீக்க வேண்டும். எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் முட்டை இருந்தால், அது மனித உடலில் புகுந்து ஈரலில் கட்டியாக வளரும். வெறுங்கையால் தொடுவதும் உலர்ந்த எச்சத்தை முகத்தருகே உடைப்பதும் கூடாது. வீட்டு உறைபெட்டியின் குளிர் அந்த முட்டையைக் கொல்லப் போதாது. ஆய்வகங்களில் −80 பாகை செல்சியஸில் பல நாள் வைக்கிறார்கள், அல்லது வெப்பத்தால் கொல்கிறார்கள். பிறகு மெல்லிய சல்லடையில் கழுவி, உலர்த்தி, மயிரை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மயிரின் மேற்புறச் செதில் அமைப்பும் உள்தண்டின் வடிவமும் இனத்துக்கு இனம் வேறு; மானும் முயலும் குழம்பாது.

புதிதாக வருபவர்கள் தவறுவது இதற்கு அடுத்த படியில். பத்து எச்சத்தில் எலி, பத்து எச்சத்தில் மான் என்றால் இரண்டும் சமமான உணவு என்று எழுதிவிடுவார்கள். சிறிய விலங்குக்கு இறைச்சியைவிடத் தோலும் மயிரும் விகிதத்தில் அதிகம். ஒரு கிலோ எலி உண்டாக்கும் எச்சங்கள் ஒரு கிலோ மான் உண்டாக்குபவற்றைவிடப் பல மடங்கு. ஓநாய்களுக்கு இதைச் சரிசெய்ய 1993இல் ஒரு சூத்திரம் தரப்பட்டது: ஓர் எச்சத்துக்குரிய இரை (கிலோவில்) = 0.439 + 0.008 × இரையின் எடை. 2 கிலோ முயல் என்றால் ஓர் எச்சம் 0.455 கிலோ உணவைக் குறிக்கும். 100 கிலோ மான் என்றால் 1.239 கிலோ. ஆக ஒரு மான் எச்சம் ஏறத்தாழ 2.7 முயல் எச்சத்துக்குச் சமம். சூத்திரம் ஓநாய்க்கு உணவூட்டிப் பார்த்துச் செய்தது. கொயோட்டிக்கோ செந்நாய்க்கோ அப்படியே போட்டால் விடை பிசகும்.

எச்சம் ஓரிரு நாளின் உணவைத்தான் சொல்லும். சில மாதங்களின் உணவை அறிய மீசை மயிரை எடுக்கிறார்கள். மயிர் வளர வளர அந்தந்த நாள் உணவின் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகைகள்) அதில் படிகின்றன. மனிதரின் பதப்படுத்திய உணவில் மக்காச்சோளம் மறைந்திருப்பதால் அதைத் தின்ற கொயோட்டியின் மீசையில் கனமான கார்பன் கூடுதலாக இருக்கும்.

கணக்கு பிசகும் இடங்கள்

2009 அக்டோபரில் கனடாவின் கேப் பிரெட்டன் தேசியப் பூங்காவில் கொயோட்டிகள் ஓர் இளம்பெண்ணைக் கொன்றன. மனிதர் போட்ட உணவுக்குப் பழகிய விலங்குகள் என்றே பலரும் எண்ணினார்கள். 2022இல் வெளிவந்த ஆய்வு அந்தப் பகுதிக் கொயோட்டிகளின் மீசையையும் மயிரையும் ஆராய்ந்தது. மனித உணவின் தடம் அநேகமாக இல்லை. முதன்மை உணவு மூஸ். சிறு இரை போதுமான அளவில் இல்லாத அந்த நிலத்தில், எடைக் கோட்டின் கீழே இருக்க வேண்டிய விலங்கு, மிகப் பெரிய இரையைக் கொல்லப் பழகியிருந்தது. அந்தப் பழக்கமே மனிதரையும் இரையாகப் பார்க்க வழிசெய்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு.

வழக்கமான தொல்லைகளுக்கோ காரணம் பெரும்பாலும் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது: வெளியே வைத்த நாய்க்கிண்ணம், உதிர்ந்து கிடக்கும் பழம், பறவைக்கு இறைத்த தானியம். தானியத்தைக் கொயோட்டி பெரிதாக மதிப்பதில்லை; தானியத்துக்கு எலி வரும், எலிக்குக் கொயோட்டி வரும். அந்த எலியைக் கொல்ல நஞ்சு வைத்தால் இன்னொரு சிக்கல். இரத்தம் உறையாமல் செய்யும் எலிமருந்துகளில் புதிய வகைகள் ஈரலில் மாதக்கணக்கில் தங்குபவை. நஞ்சுண்டு மெதுவாக நகரும் எலிதான் முதலில் பிடிபடும். எலியை இலவசமாகப் பிடித்துக்கொண்டிருந்த விலங்கே அதனால் சாகிறது.

ஆட்டுக்குட்டிகளைக் கொல்வது எந்தக் கொயோட்டி என்பதிலும் அதே ஆற்றல் கணக்கு உண்டு. பெரும்பாலும் குட்டிகளுக்கு இரை தேடும் இணைகள்தான். அமெரிக்காவில் சில இணைகளுக்குக் கருத்தடை அறுவை செய்து விட்டுப் பார்த்தபோது, அவை தம் எல்லையைக் காத்துக்கொண்டே இருந்தன, ஆடு கொல்வது மட்டும் தெளிவாகக் குறைந்தது. கக்கித்தர வாய்கள் இல்லையென்றால் எலியும் முயலுமே போதும்.

செத்துக் கிடக்கும் ஆட்டைக் கொயோட்டி கொன்றதா, செத்த பின் தின்றதா என்பதை அறியக் கழுத்துத் தோலை உரித்துப் பார்க்க வேண்டும். கொயோட்டி தாடைக்குச் சற்றுப் பின்னால் தொண்டையைக் கடித்து மூச்சைத் திணறடித்துக் கொல்லும். கடித்த இடத்தில் தோலுக்கடியில் இரத்தம் கட்டிக் கருத்திருந்தால் கடித்தபோது ஆட்டுக்கு உயிர் இருந்தது. பல் தடம் இருந்தும் இரத்தக்கட்டு இல்லையென்றால் அது வேறு காரணத்தால் ஏற்கெனவே செத்தது. கடி பின்தொடையிலும் காதிலும் விலாவிலும் தாறுமாறாக இருந்து இறைச்சி தின்னப்படாமல் கிடந்தால் பெரும்பாலும் அது அவிழ்த்துவிட்ட வீட்டு நாய். பிறந்த குட்டியாக இருந்தால் நுரையீரலில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடலாம். மூழ்கினால் குட்டி ஒரு மூச்சுகூட விடவில்லை. குளம்பின் அடியில் பிறவித் தோலின் மென்மை தேயாமல் இருந்தால் எழுந்து நடக்கவும் இல்லை; கொயோட்டி தின்றது செத்துப் பிறந்த குட்டியை.